பக்கத்துத் தாளைத் தொட்டவர்

மனிதர்களுக்கு மார்க் போடுவது என் தொழில். வாத்தியார் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். வாத்தியாராவது எதையோ சொல்லிக் கொடுத்துவிட்டு மார்க் போடுகிறார். நான் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, முக்கால் மணி நேரத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்று கண்டுபிடித்துவிடுவேன். இதற்கு உளவியல் ஆய்வாளர் என்று பெயர். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு ஒரு கிளி ஜோசியர் வருவார். அவரிடம் கிளியாவது இருந்தது.

எங்கள் துறையில் மனிதனை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். கணக்குப் போடுவது, நினைவில் வைப்பது, படத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்வது, இவையெல்லாம் அறிவுத்திறன். பொறுமை, விடாமுயற்சி, சொன்ன சொல்லைக் காப்பது, நாலு பேரோடு அனுசரித்துப் போவது, கோபத்தை அடக்குவது, இவையெல்லாம் 'அறிவு சாராத திறன்கள்'. மாப்பிள்ளை பார்க்கும்போதும், வாடகைக்கு ஆள் வைக்கும்போதும் எதையெல்லாம் விசாரிக்கிறோமோ அதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, அறிவுக்குச் சம்பந்தம் இல்லாதது என்று சீட்டு ஒட்டிவிட்டோம். இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு என் மாடி போர்ஷனை வாடகைக்குக் கொடுக்க மாட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்தேன். வீடு வேலூர் பாகாயத்தில். அங்கிருந்து பஸ் பிடித்து வாணியம்பாடிக்கும் ஆலங்காயத்துக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவேன். வாணியம்பாடியில் ஒரு பெண்பிள்ளை, வயது எட்டு. ஆடு, மாடு, எருமை, கோழி என்று நான்கு படங்களைக் காட்டி எது சேராதது என்று கேட்டேன். கோழி என்று பட்டென்று சொன்னாள். ஏன் என்றேன்.

"அதோட தோலு ஷூவுக்கு ஆவாது மிஸ்."

கையேட்டில் இருந்த காரணம் வேறு. மற்ற மூன்றுக்கும் நான்கு கால்கள், கோழிக்கு இரண்டு. விடைக்கு ஒரு மார்க், காரணத்துக்கு ஒரு மார்க். அந்தப் பிள்ளைக்கு இரண்டில் ஒன்று போட்டேன். ஊரில் பாதி வீடுகளுக்குச் சோறு போடுகிற தோல் விஷயத்தை எட்டு வயதிலேயே தெரிந்து வைத்திருந்ததற்குச் சைபர். எனக்கு அது தவறாகப் படவே இல்லை. கையேடு வெளிநாட்டில் அச்சானது, வழவழவென்று தாள். அது எப்படித் தப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு முன்னேறினேன். அதாவது, பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களுக்கு மார்க் போட ஆரம்பித்தேன். அறிவு சாராத திறன்கள் திடீரென்று மவுசு பெற்ற காலம் அது. யாரைப் பார்த்தாலும் விடாமுயற்சியை அளந்து தருகிறீர்களா என்று கேட்டார்கள். அளந்து கொடுத்தேன். மாநாடுகளில் பேசினேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள், முன்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், கம்பெனியில் 'பையர்' என்பார்கள், ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். தையல் லைனில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் பெண்கள், அவர்களை மேய்க்கிற சூப்பர்வைசர்கள் எல்லாம் ஆண்கள், இது ஏன் என்று. நியாயமான கேள்விதான். பெண்களிலிருந்து இரண்டு பேரைச் சூப்பர்வைசராக்குவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. யாரைப் போடலாம் என்று லைனில் கேட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது விஞ்ஞானம் ஆகாதே. ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள்.

எச்.ஆர். மேனேஜர் சென்னைக்காரர். எப்போதும் சிரித்த முகம், எப்போதும் ஒரு லேப்டாப். "ஃபேவரிட்டிசம்னு ஒரு பேச்சு வரக்கூடாது மேடம். சயின்டிஃபிக்கா இருக்கணும்" என்றார். சயின்டிஃபிக்காகச் செய்து தருகிறேன் என்றேன். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதமும் நான் சொன்ன விதமும் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் அதன் அர்த்தம், நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம்.

எழுத வந்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கும். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். நாற்பதை ஒட்டிய வயது, ஆலங்காயம் பக்கத்துக் கிராமம், பதினோரு வருஷமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் வேலை. புதிதாக வரும் பெண்களுக்கு மிஷின் பழக்கிவிடுவது அவர்தான், அதற்கென்று பதவி எதுவும் கிடையாது. கழுத்து வலிக்குப் போடுகிற பட்டை ஒன்றைக் கழுத்தில் போட்டிருந்தார். அறைக்குள் நுழையும் முன் அதைக் கழற்றிப் பைக்குள் திணிப்பதைப் பார்த்தேன். ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு மெதுவான குரலில் சொன்னார்.

"குனிஞ்சி வேலை செய்யக் கூடாதுன்ட்டாங்க மேடம் டாக்டரு. சூப்பர்வைசர்னா நின்னுக்கினே, நடந்துக்கினே வேலை. இது கெடைக்கலன்னா நூல் வெட்டற டேபிளுக்குப் போட்டுடுவாங்க. நேத்து வந்த பொண்ணுங்க உக்கார்ற எடம் அது. நான் பழக்கிவுட்ட பொண்ணுங்க எதிர்லயே போயி உக்காரணும்."

அவருக்கு அந்தப் பரீட்சை என்னவாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் ஆறுதலாக ஏதோ முனகிவிட்டு, பென்சில்கள் கூராக இருக்கின்றனவா என்று பார்க்கப் போனேன்.

வாக்கியங்களுக்கு 'சரி', 'சரியல்ல' போடுகிற பகுதி முடிந்து, அடுத்த பகுதி கவனத்துக்கு. தாள் முழுக்கச் சின்னச் சின்ன வடிவங்கள், ஒரே மாதிரி இருக்கும், நடுநடுவே வேறு மாதிரி இருப்பதைத் தேடி அடிக்க வேண்டும். நேரக் கணக்கு உண்டு. அந்தம்மா முதல் ஆளாக முடித்தார். கல்லூரி முடித்த பெண்கள் எல்லாம் இரண்டாவது வரியில் தடவிக்கொண்டிருந்தபோது, அவர் பென்சில் மிஷின் ஊசி மாதிரி ஓடி நின்றுவிட்டது. ஒரு நாளில் எத்தனை தையல் விட்டுப்போயிருக்கிறது என்று தேடித் தேடிப் பழகிய கண். அவருக்கு இது பரீட்சையே இல்லை.

முடித்ததும் பக்கத்தில் பார்த்தார். பக்கத்தில் இருந்தவள் லைனிலும் அவருக்குப் பக்கத்து மிஷின், வயதில் இளையவள், அவர் தெருவைச் சேர்ந்தவள். அவள் பாதித் தாளில் தடுமாறிக்கொண்டிருந்தாள். அந்தம்மா கை நீட்டி அவள் தாளைப் பாதி தன் பக்கம் இழுத்து, கீழிருந்து மேலாக அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஒளிவுமறைவு இல்லை. நான் மூன்றடி தூரத்தில் நிற்கிறேன், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"என்னம்மா செய்றீங்க?"

"அவளுக்கு லேட்டாவுது மேடம். நான் முடிச்சிட்டேன்."

"இது பரீட்சைம்மா. அவங்க தாளை நீங்க தொடக் கூடாது."

"சரிங்க மேடம்" என்று கையை எடுத்துக்கொண்டார். ஆனால் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. என்ன சின்னத்தனமான ஆளாக இருக்கிறாளே இவள் என்று என்னைப் பற்றி நினைத்த மாதிரி இருந்தது. விதிமுறை தெளிவாக இருந்தது. பிறர் தாளைத் தொட்டால் இரண்டு பேர் தேர்வும் செல்லாது. இரண்டு தாளிலும் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்டேன். அந்த அளவுக்கு ஒழுங்கு எனக்கு.

இருந்த இரண்டு இடத்தில் ஒன்றுக்கு எட்டே மாதம் வேலை பார்த்த ஒரு பட்டதாரிப் பெண் தேர்வானாள். நல்ல பெண். பரீட்சை எழுதத் தெரிந்த பெண். இன்னொரு இடத்துக்குத் தகுதியான மார்க் யாருக்கும் வரவில்லை. எச்.ஆர். மேனேஜருக்கு அதில் ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, டெஸ்ட் எவ்வளவு ஸ்ட்ரிக்ட்!" என்றார்.

எங்கள் துறையில் ஒரு சடங்கு உண்டு. பரீட்சையில் வந்த மார்க்கும் நிஜ வேலையும் ஒத்துப்போகின்றனவா என்று கடைசியில் சரிபார்க்க வேண்டும். மணலில் வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, மண் எப்படி என்று தோண்டிப் பார்ப்பதுதான் இது. அதற்காகத் தையல் லைனில் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு நான்கு நாள் உட்கார்ந்தேன். பசை நாற்றம் தலையைப் பிளந்தது. மிஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. அதனால்தான் கைகளைப் பார்த்தேன்.

ஒரு மிஷினில் வேலை தேங்கினால், பீஸ்கள் டிரேயில் குவியும். குவிந்ததுமே பக்கத்து மிஷின்காரி தன் கையில் இருப்பதை முடித்துவிட்டு, அந்தக் குவியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை, தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. டார்கெட் லைனுக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை. ஒரு மிஷின் பின்தங்கினால் முப்பது பேருக்கும் வேன் தாமதமாகும். இழுக்கத் தெரியாதவளை லைனில் எவளும் சேர்த்துக்கொள்ள மாட்டாள். முதல் நாள் டீக்கு முன்னாலேயே அந்தம்மா கை ஏழு தடவை பக்கத்து டிரேக்குப் போய் வந்தது. பக்கத்தில், என் சிவப்புக் கோடு வாங்கிய அதே இளையவள்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. செருப்புக் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு இந்த வார்த்தையை எழுதுவது சிரிப்பாக இருக்கலாம், ஆனால் வேறு வார்த்தை இல்லை. சூப்பர்வைசருக்கு என்ன வேண்டும்? லைனில் எங்கே தேங்குகிறது என்று கண் பார்க்க வேண்டும், பார்த்ததும் கை போக வேண்டும். இதைத்தான் அளக்கிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தேன். அது என் கண் முன்னால், என் அறையில், என் தாள் மேலேயே நடந்தது. நான் அதைக் காப்பி அடிப்பது என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

நேராக எச்.ஆர். அறைக்குப் போனேன். பரீட்சை தவறு என்று சொல்லப் போனேன். நம்புங்கள், படி ஏறும்போது அப்படித்தான் இருந்தது. அவர் என்னைப் பேச விடாமல் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பையருக்கு அனுப்பிய அறிக்கை, அதில் என் படம், படத்துக்குக் கீழே என் பட்டங்கள். இன்னும் மூன்று யூனிட்டுகளில் இதே பரீட்சையை வைக்கப் போகிறார்களாம்.

"ஒருத்தங்க விஷயத்துல கொஞ்சம் பிழை நடந்திருக்கு" என்றேன். பரீட்சை பிழை என்று சொல்லவில்லை. ஒருத்தர் விஷயத்தில் பிழை என்றேன்.

"இதுல இன்னா இருக்கு மேடம்? ரீ-டெஸ்ட் குடுத்துடுங்க. ரெண்டாவது போஸ்ட் சும்மாதான இருக்கு. பட், அதே டெஸ்ட், அதே ரூல்ஸ். மாத்தினா கேள்வி வரும்."

சரி என்றேன். அப்போது என் கட்டுரை ஒன்று பத்திரிகையில் பரிசீலனையில் இருந்தது, இதே பரீட்சையைப் பற்றி. மூன்று யூனிட்டுகள் வேறு. கௌரவமாகச் சொன்னால், சூழ்நிலை அப்படி. பச்சையாகச் சொன்னால், பயம். பல வருஷமாக மற்றவர்களுடைய நேர்மைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட்டவள் நான்.

பரீட்சையை மாற்ற முடியாது என்றால் ஆளை மாற்ற வேண்டியதுதான். டீ இடைவேளையில் அந்தம்மாவைக் கேன்டீனுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி பக்கம் கூப்பிட்டுப் பாடம் நடத்தினேன். முதலில் வாக்கியங்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் 'மிகவும் சரி' என்று போடுங்கள் என்றேன். போன தடவை அவர் பாதிக்கு மேல் 'சரியல்ல' போட்டிருந்தார். 'ஆரம்பித்த வேலையை நானே முடிப்பேன்' என்பதற்குக்கூட.

"பொய்யாச்சே மேடம் அது. நான் ஷூவோட நாக்கு மட்டுந்தான் தைக்கிறேன். மீதியெல்லாம் மத்தவங்க தைக்கிறாங்க. ஒரு ஷூவ நானே முடிச்சேன்னு எப்டி எழுதறது?"

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதறாங்க."

"படிச்சவங்களுமா?"

"அவங்கதான் ஜாஸ்தி."

அதற்குச் சிரித்தார். பிறகு முக்கியமானதுக்கு வந்தேன். பக்கத்தில் திரும்பக் கூடாது, தாளைத் தொடக் கூடாது. முடித்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு, உங்கள் தாளையே பார்த்துக்கொண்டு உட்காருங்கள். அதற்குத் தனி மார்க் இருக்கிறது என்று சொன்னேன்.

"பக்கத்துல அவ முடிக்க முடியாம மாட்டிக்கினா?"

"மாட்டிக்கினாலும்" என்றேன். அவர் பாஷையில் சொன்னால் கொஞ்சம் நல்லவளாகத் தெரிவேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவர் சிரிப்பு போய்விட்டது. கழுத்துப் பட்டையைச் சரி செய்துகொண்டார். பிறகு, "நூல் வெட்டற டேபிளுக்கு நேத்தே எம் பேர எழுதிட்டாங்க மேடம்" என்றார். சரி என்று அவர் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னார்.

மறுதேர்வுக்கு இரண்டே பேர், அந்தம்மாவும் இளையவளும். சிவப்புக் கோடு இரண்டு பேருக்கும்தானே. இளையவளைத் தனியாகக் கூப்பிட்டு நான் எதுவும் சொல்லித் தரவில்லை. அவளைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை என்பதுதான் உண்மை. போன தடவை உட்கார்ந்த மாதிரியே அருகருகே உட்கார்ந்தார்கள். அறையில் ஃபேன் சத்தம் மட்டும்.

அந்தம்மா பழையபடி சீக்கிரம் முடித்தார். கையைக் கட்டிக்கொண்டார். இளையவள் பாதியில் நின்றாள். தாளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினாள், லைனில் டிரேயை நகர்த்துவது மாதிரி, வெகு இயல்பாக. ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் திரும்பி அந்தம்மா முகத்தைப் பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார். குனியக் கூடாத கழுத்து. இளையவள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். வாய் விட்டுக் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை, அதனால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நேரம் முடிந்தது என்று நான் மணியடித்தேன்.

அந்தம்மா தேறிவிட்டார், நல்ல மார்க். இளையவள் தேறவில்லை. எச்.ஆர். மேனேஜர் இரண்டு மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு படம் தயார் செய்தார். முதல் தடவை கோட்டைவிட்டவர், சரியான வழிகாட்டல் கிடைத்ததும் இரண்டாவது தடவை எங்கேயோ போய்விட்டார், ஆகவே இந்தப் பரீட்சை ஆளை எடைபோடுவது மட்டுமல்ல, ஆளையே வளர்க்கிறது என்றார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அப்புறம் பிரியாணி வந்தது. எங்கள் ஊரில் எந்த முட்டாள்தனத்துக்கும் கடைசியில் பிரியாணி உண்டு, கத்தரிக்காயோடு.

கட்டுரையும் வெளியானது. அதில் மறுதேர்வைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியைப் பற்றி இல்லை.

ஆறேழு மாதம் கழித்து அடுத்த யூனிட் வேலையாக அதே கம்பெனிக்குப் போனபோது அந்தம்மாவைப் பார்த்தேன். நீலக் கோட்டு, கையில் அட்டை, நிமிர்ந்த நடை. கழுத்தில் பட்டை இல்லை. லைன் அவர் சொல்படி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எப்படியோ சரியான ஆளுக்குச் சரியான இடம் கிடைத்துவிட்டது, வழி கொஞ்சம் கோணலாக இருந்தால் என்ன என்று மனசுக்குள் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். என்னைப் பார்த்துவிட்டு லைனை விட்டு வெளியே வந்தார். கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வலி கம்மியாயிடுச்சி மேடம். நல்லா இருக்கிறேன்."

உங்கள் தோழி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். சும்மா கேட்டேன், பேச்சுக்கு.

"நாலாம் நம்பர் லைனுக்கு மாத்திக் கேட்டுக்கினு போய்ட்டா. ஒரே தெரு மேடம். ஒரே வேன்ல வர்றோம். பின்னாடி சீட்டுல போய் உக்காந்துக்கிறா. பேசறதில்ல." அட்டையைக் கை மாற்றிக்கொண்டார். "அன்னிக்கி அவ என்னப் பாத்தா மேடம். பாத்தது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி குனிஞ்சிக்கினேன்."

காலம் போனால் சரியாகிவிடும் என்று ஒரு வாக்கியம் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். அன்று அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"தனி மார்க் இருக்குதுன்னு சொன்னீங்களே" என்றார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அப்டிக் குனிஞ்சதுக்கு எத்தினி மார்க் மேடம் போட்டீங்க?"

பத்துக்குப் பத்து போட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.